பிளானில் மட்டும் இருந்த பார்க்கிங்

நர்ஸ் அக்காவின் கணவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனதை என் ஆபீஸ் வாசலில் நின்று பார்த்தேன். நெஞ்சுவலி. பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் சந்தில் அன்று கணுக்கால் அளவுக்குக் கக்கூஸ் தண்ணீர். இரண்டு பக்கமும் ஜவுளிக்கடைக்கு வந்தவர்களின் பைக்குகள், நடுவில் ஒரு கார். ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டிலேயே நின்றுவிட்டது. அக்கா முன்னால் போய் ஒவ்வொரு பைக்காகத் தள்ளி வழி செய்தார். ரோட்டை அடைவதற்குள் கணவரின் தலை சாய்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் உயிர் இல்லை என்றார்கள்.

அக்கா அரசு ஆஸ்பத்திரியில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர். சந்தில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். நான் சந்து முனையில் கட்டிடங்களுக்கு பிளான் போட்டுக் கொடுப்பவன். அந்த ஜவுளிக்கடை இருக்கும் ஆறு மாடிக்கும் பிளான் போட்டவன் நான்தான். தரைத்தளம் முழுக்க வண்டி நிறுத்த என்று காட்டியிருந்தேன். அனுமதி வந்ததும் அது கடையாகிவிடும் என்று முதலாளிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எங்கள் தொழிலில் இதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. செப்டிக் டேங்க் நிரம்பியபோது கடைக்காரர்கள் அதைச் சந்துச் சாக்கடையில் திறந்துவிட்டார்கள். அந்த நாற்றத்தில் உட்கார்ந்துதான் நான் மதியச் சாப்பாடும் சாப்பிட்டேன்.

காரியம் முடிந்த நாலாம் நாள் அக்கா வந்தார். அழவில்லை. அந்தக் கட்டிடத்தின் பிளானைக் காட்டச் சொன்னார். கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இந்தக் கட்டமெல்லாம் என்ன தம்பி?"

"வண்டி நிறுத்துற இடம்க்கா."

"வண்டியெல்லாம் இங்க நின்னிருந்தா ஆம்புலன்ஸ் வூட்டு வாசலுக்கே வந்திருக்கும்ல?"

நகல் கேட்டார், கொடுத்தேன். அதை வைத்துக்கொண்டு திங்கள்தோறும் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தார். கூட வந்து ஒரு வார்த்தை சொல்லும்படி கேட்டபோது அரியலூரில் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டேன். ஒரு வேலையும் இல்லை. அதிகாரிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சந்தை அளந்தார்கள். பிறகு மேலே முதலாளியின் ஏசி அறையில் ஜூஸ் குடித்தார்கள். கடைக்கு சீல் வைத்தார்கள். பத்து நாள் இறங்கியிருந்த ஷட்டர் ஆடித் தள்ளுபடிக்கு ஏறிவிட்டது.

அக்கா வீட்டை விற்றுவிட்டுக் குன்னத்தில் மகளிடம் போய்விட்டார். வாங்கியவர் அந்த முதலாளியேதான். இடித்துவிட்டு ஜெனரேட்டர் வைத்திருக்கிறார்.

போன மாதம் அந்த முதலாளி அரியலூர் கடைத்தெருவில் கட்டப்போகும் இன்னொரு கட்டிடத்துக்காக வந்தார். "போன தடவை மாதிரியே போட்ருங்க சார்" என்றார். முடியாது என்றேன். கோபப்படவில்லை, சிரித்துக்கொண்டே எழுந்து போனார். அடுத்த வாரமே வேறொருவர் போட்டுக் கொடுத்துவிட்டார்.

நேற்று அரியலூர் போனபோது பார்த்தேன். அஸ்திவாரம் தோண்டியாகிவிட்டது. பின்னால் குறுகலாக ஒரு சந்து. அதில் முதல் வீட்டு அம்மா வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார். போய்ச் சொல்லலாமா என்று கொஞ்ச நேரம் நின்றேன். பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.