எங்கள் கிணற்றுத் தண்ணீருக்கு என்ன குறை?

என் மகள் மஞ்சள் காமாலையில் கிடந்து, அப்போதுதான் தென்காசி ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியிருந்தாள். எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டதால் எங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். மலத்தில் இருக்கும் கிருமி அதில் இருப்பதாக ரிசல்ட் வந்தது. வராமல் என்ன செய்யும்? கிணற்றை ஒட்டியே கக்கூஸ் தொட்டி.

அந்த இடத்தில் தொட்டி கட்டச் சொன்னவர் என் மாமனார். போலீஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரிசல்ட்டை அவர் கையால்கூடத் தொடவில்லை.

"எங்க ஐயா வெட்டுன கெணறும்மா. குத்தாலத்து ஊத்துத் தண்ணில்லா உள்ள வருது! பிள்ள வெளிய கண்டதையும் தின்னுருக்கும்."

நான் கேன் தண்ணீர் வாங்க ஆரம்பித்தேன்.

சில நாள் கழித்து மாமாவே ஒரு பாட்டிலைக் கழுவினார். வேறு லேபில் கொடுத்துப் பார்க்கப் போகிறாராம். நல்லதாப் போச்சு என்று நினைத்தேன். மனுஷன் கிணற்றடிப் பக்கமே போகவில்லை. அடுக்களைக்கு வந்து, என் கண் முன்னாலேயே கேனைச் சாய்த்துப் பாட்டிலை நிரப்பிக்கொண்டு கிளம்பினார்.

நல்ல தண்ணீர் என்று ரிசல்ட் வந்த அன்று கையில் பூந்திப் பொட்டலம், முகமெல்லாம் சிரிப்பு. நடித்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். சீ, உண்மையாகவே நம்பிவிட்டார்.

"மாமா, அது கேன் தண்ணி. நீங்கதான ஊத்துனீங்க?"

"எந்தத் தண்ணியா இருந்தா என்னம்மா? நல்ல தண்ணின்னு எழுதித் தந்துருக்கான்லா?"

என் வீட்டுக்காரர் அதற்குள் அந்த ரிசல்ட்டைப் படம் எடுத்துச் சொந்தக்காரர்கள் வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டார். ஆளாளுக்குக் கைதட்டுகிறார்கள்.

மாமா ஒரு வாளி இறைத்தார். டம்ளரில் மோந்து என் மகளைக் கூப்பிட்டார். அவள் கண்ணில் மஞ்சள் இன்னும் முழுசாகப் போகவில்லை. கையை நீட்டினாள்.

"ஒரு வாய்தான, குடிக்கட்டும். அப்பா மனசு சங்கடப்படும்," என்றார் என் வீட்டுக்காரர்.

நான் டம்ளரைப் பிடுங்கி முற்றத்தில் கொட்டினேன். மாமா வாளியைத் தள்ளி வைத்தார்.

"இந்த வீட்டு மேல ஒனக்கு என்னம்மா இவ்வளவு வெறுப்பு?"

"ஆமா மாமா, வெறுப்புதான்."

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஆலங்குளத்துக்கு, என் அம்மா வீட்டுக்கு பஸ் ஏறினேன். பஸ்ஸில் மகள் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"அது நல்ல தண்ணின்னு எழுதியே தந்துட்டாங்கல்லா, நீ ஏம்மா கொட்டுன?"