செபமாலை முடிந்த பிறகு

குருநகரில் லூர்த்தம்மாவின் நண்டுக் கொட்டிலில் பதினான்கு பெண்களுக்கு வேலை. அவித்த நண்டை உடைத்துச் சதையெடுத்துப் பெட்டியில் அடைப்பார்கள். லூர்த்தம்மாவுக்குச் சீனி வருத்தம்; காலில் ஆறாத புண். நான் ஓய்வுபெற்ற தாதி; 'மிஸ்ஸி' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் போய் மருந்து கட்டுவேன்.

போன ஆவணியில், சதை வாங்கும் கம்பனி இரண்டு தரம் பெட்டியைத் திருப்பி அனுப்பியது. உள்ளே நண்டு ஓட்டுத் துணுக்கு. இன்னொரு தரம் நடந்தால் இனி எடுக்கமாட்டோம் என்றார்கள். அந்தப் பெட்டிகள் றொசாந்தி என்பவள் அடைத்தவை என்று அவளை வேலையால் நிற்பாட்டினார் லூர்த்தம்மா. பிறகு தானே பெட்டிகளைத் திறந்து பார்த்தார். எல்லாருடையதிலும் துணுக்கு.

காரணம் கேட்கக் கொட்டிலுக்குள் போனால், ஒருத்தி செபமாலையைத் தொடங்கிவிடுவாள். செபத்தை மறித்துக் கதைக்க இவருக்கு மனம் வராது. கொஞ்சம் சேர்ந்து சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார். பக்தியான பிள்ளைகள் என்று என்னிடம் பெருமை வேறு. வார்ட்டுக்குப் பெரிய டொக்டர் வரும்போது மட்டும் நித்திரை கொள்ளும் நோயாளிகளை நான் பார்த்திருக்கிறேன். அதைச் சொன்னேன்.

மறுநாள் காலை றொசாந்தியின் இடத்தில் போய் இருந்து, கையுறை மாட்டி, நண்டை உடைத்தார். செபமாலை தொடங்கியது. முழுவதும் சொன்னார். மன்றாட்டும் முடிந்தது. அவர் எழும்பவில்லை. பெண்களிடம் வேறு செபம் இருக்கவில்லை. தொங்கப்போட்ட கால் வீங்கியது. கையுறையின் நுனி விரலைத் தாண்டித் தொங்கியது. துணுக்கு எதுவும் விரலுக்குப் பிடிபடவில்லை. மலிவென்று அவரே மொத்தமாக வாங்கிய ஆம்பிளை அளவுக் கையுறை.

"உது பெரிசெண்டு ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

மூத்தவள் பிலோமினா நண்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "றொசாந்தி சொன்னவள்தானே அக்கா. கை வளருமட்டும் வீட்டை போய் இரு எண்டு எல்லாருக்கும் முன்னாலை சொன்னியள். அதுக்குப் பிறகு ஆருக்கு வாய் வரும்?"

லூர்த்தம்மாவுக்கு அது நினைவேயில்லை. சொன்னவர்களுக்கு நினைவிருப்பதில்லை.

நடக்கவேண்டாம் என்று நான் சொல்லியிருந்தும், பின்னேரம் சின்ன அளவுக் கையுறைகளோடு றொசாந்தி வீட்டுக்கு நடந்தே போனார். அவள் ஒரு சோடியைப் போட்டுப் பார்த்தாள். அளவாக இருந்தது. கழற்றித் திருப்பிக் கொடுத்தாள்.

"எல்லாருக்கும் முன்னாலை சொன்னனீங்கள். அவையளுக்கு முன்னாலையே பிழையெண்டு சொல்லுங்கோ. அப்ப வாறன்."

அடுத்த நாள் நான் போனபோது கட்டு நனைந்திருந்தது. கண்ணை மூடிக் கிடந்தபடி, றொசாந்தி கேட்டதைச் சொன்னார்.

"சொன்னனீங்களோ?"

"ஓம். அவளைப் பக்கத்திலை வைச்சுக்கொண்டு சொன்னன்."

"அவையள்?"

"ஒண்டும் கதைக்கேல்லை, மிஸ்ஸி. செபமாலையும் தொடங்கேல்லை."

அதன்பிறகு பெட்டி திரும்பி வரவில்லை. நடந்த நடையால் புண்தான் ஆற இன்னும் ஒரு மாதம் இழுத்தது.