மேட்டை நோக்கி நடந்த மின்விசிறி

ஒரே மாதத்தில் கட்டிலருகே நின்ற விசிறி இரண்டாம் முறை விழுந்தபோதும் வீட்டில் மாமனார் மட்டும்தான் இருந்தார். மாலையில் மருமகள் வேலை முடிந்து வந்து பார்த்தபோது, முன்பக்கக் கம்பிக்கூண்டு நசுங்கி, விசிறி சுவரோரம் சாத்தி வைக்கப்பட்டிருந்தது.

"மத்தியானம் ஆனா உங்க கம்பெனி ஃபேனுக்குத் தலை சுத்துதும்மா. நல்ல டாக்டரா பார்த்துக் காட்டு."

"எப்படி விழுந்துச்சு மாமா?"

"நான் என்னத்தைக் கண்டேன். கண்ணை மூடிப் படுத்திருந்தேன். டமார்னு சத்தம். பார்த்தா சார் கீழே கிடக்கார்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. போன வருஷம் குளியலறை ஈரத்தில் வழுக்கி, மாமனாரின் இடது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. இன்னொரு முறை விழுந்தால் எழுந்து நடப்பது சந்தேகம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அந்தக் காலுக்குப் பக்கத்தில் ஏழு கிலோ விசிறி விழுகிறது. போதாததற்கு, அந்த விசிறியின் அடித்தாங்கியை வடிவமைத்தவளே அவள்தான்.

பதினெட்டு வருஷத்துக்கு முன் விசிறித் தொழிற்கூடத்தில் அட்டைப்பெட்டி மடிக்கச் சேர்ந்தவள். சேர்ந்த வாரமே, பூட்டும் மேஜை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்றாள். யாரும் நம்பவில்லை. கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி வந்து வைத்துப் பார்த்தார்கள். குமிழி ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து அங்கே அவளுக்கு ரசமட்டம் என்றே பெயர். பெட்டி மடிப்பதிலிருந்து பூட்டும் வேலைக்கும், அதிலிருந்து இறக்கைகளை எடை பார்த்துச் சமன் செய்யும் வேலைக்கும், பிறகு சோதனைப் பிரிவுக்கும் நகர்ந்தாள். யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. திரும்பி வந்த விசிறிகளை வீட்டுக்குத் தூக்கிவந்து பிரித்துப் பார்த்ததுதான் படிப்பு.

விசிறி விழுகிறது என்று புகார் வந்தால் அடிப்பாகத்தின் எடையைக் கூட்டுவது அங்கே வழக்கம். எடை மட்டும் போதாது என்று அவளுக்குத் தோன்றியது. நாலு கால் வைத்த விசிறி, தலை ஒரு காலுக்கு நேராக இருக்கும்போது நன்றாக நிற்கிறது. இரண்டு காலுக்கு நடுவே திரும்பும்போதுதான் சாய்கிறது. அதனால் கால்களை ஐந்தாக்கி, ஒவ்வொன்றையும் இரண்டு விரற்கடை நீட்டினாள். சோதனைப் பலகையைப் பத்து பாகை சாய்த்தால் நிற்க வேண்டும் என்பது விதி. அவளுடையது பதினைந்துக்கும் நின்றது.

அந்த விசிறிதான் இப்போது சமதரையில் விழுந்திருக்கிறது.

மறுநாள் அதைத் தொழிற்கூடத்துக்கு எடுத்துப்போய்ப் பலகையில் ஏற்றினாள். ஐந்து காலும் நேராக இருந்தன. எந்தப் பக்கம் தலையைத் திருப்பினாலும் பதினைந்து பாகைக்கு நின்றது. இறக்கையில் அதிர்வு இல்லை. தூணின் உயரத்தைப் பிடிக்கும் திருகு மட்டும் கொஞ்சம் தளர்ந்திருந்தது. இறுக்கினாள், புதுக் கூண்டு மாட்டினாள், வீட்டில் பழைய இடத்திலேயே வைத்தாள். பிறகு சாக்கட்டியால் ஐந்து காலைச் சுற்றியும் கோடு போட்டாள்.

"கோலமா?" என்றார் மாமனார்.

"நடக்குதான்னு பார்க்கிறேன்."

"வீட்ல நடக்க வேண்டிய ஆள் நடக்கல. ஃபேனாவது நடக்கட்டும்."

மாலையில் பார்த்தாள். விசிறி கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை நகர்ந்திருந்தது. மறுநாளும் அதே அளவு. அச்சகத்திலிருந்து திரும்பிய கணவன், மனைவி தரையில் குப்புறப் படுத்து அளவுகோல் பிடிப்பதைப் பார்த்துவிட்டு, "அதிர்வுல நகர்ந்திருக்கும். இதுக்கு எதுக்குத் துப்பறியணும்?" என்றான்.

"அதிர்வுல நகர்றது சுத்திக்கிட்டே நகரும். இது நேரா போயிருக்கு."

"சரி, தரை வாட்டமா இருக்கும்."

"வாட்டம் இருக்கு. கழுவுற தண்ணி வாசலுக்குப் போற மாதிரி. இது கட்டில் பக்கம் போயிருக்கு. மேட்டுப் பக்கம்."

கணவன் ஒரு கணம் யோசித்தான். "மேட்டைப் பார்த்து நடக்கிற ஃபேனா? அப்பா, ராத்திரி லைட்டைப் போட்டே தூங்குங்க."

"நான் பேயையே ஓரமா ஒதுங்கச் சொல்லி ஹாரன் அடிச்சவன்டா," என்றார் மாமனார். முப்பது வருஷம் பேருந்து ஓட்டியவர். பேச்சில் மட்டும் இன்னும் வேகம் குறையவில்லை.

மூன்றாம் நாள் அவர் குளிக்கப் போயிருந்தபோது அவள் விசிறியின் தூணைத் துடைத்தாள். மேலும் கீழும் மங்கலாக இருந்த பூச்சு, நடுவில் ஒரு சாண் உயரத்துக்கு மட்டும் பளபளத்தது. தினமும் ஏதோ உரசாமல் அப்படி ஆகாது. துணியா, வயரா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிடிபடவில்லை. யோசிக்கலாம் என்று கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். கட்டில் தாழ்வு. எழுந்திருக்க முயன்றபோது அவள் கை தானாக நீண்டு தூணைப் பிடித்தது. பிடித்த இடம் அந்தப் பளபளப்புக்கு நேராக இருந்தது. விசிறி அவள் பக்கம் லேசாகச் சாய்ந்து, கட்டிலை நோக்கி ஒரு நூல் நகர்ந்தது.

அவள் மறுபடியும் உட்கார்ந்துகொண்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவருக்கு நாலு கால் நடைச்சட்டம் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார்கள். "அம்பது பேரை ஏத்திக்கிட்டு மலை ஏறினவனை, சட்டத்தைத் தள்ளிக்கிட்டுப் போகச் சொல்றியா?" என்று அதில் துண்டு காயப் போட்டுவிட்டார். ஆனால் ஃபேன் நோயாளிக்கு வாங்கிய சாமான் இல்லை. அதைப் பிடித்து எழுந்தால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அவரிடம் போய் உங்களைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று சொன்னால் அதையும் பிடிக்க மாட்டார். எதையும் பிடிக்காமல் எழுந்திருப்பார். அதன் முடிவு என்ன என்று அவளுக்குத் தெரியும். சொல்லாமல் விட்டால் மூன்றாம் முறை விசிறியோடு சேர்ந்து அவரும் விழுவார்.

சோதனைப் பிரிவில், தூணில் கொக்கித் தராசு மாட்டி, ஆள் எழும்பும்போது கை எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்தாள். அந்த இழுப்புக்கு நிற்க வேண்டுமென்றால் அடியில் ஒரு சிமெண்ட் மூட்டை வேண்டும். அப்புறம் வீட்டு விசிறியை நகர்த்த யானைதான் வர வேண்டும். தரையை மட்டும் நம்பினால் ஆகாது என்று புரிந்தது.

தொழிற்கூடத்துக்கு எதிரே ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் அதைப் பார்த்தபடி நின்றாள். மேல்தளப் பலகைக்கு அடியில் வரிசையாக இரும்பு முட்டுகள். அடியில் திருகைத் திருப்பினால் நீண்டு, தரைக்கும் கூரைக்கும் நடுவே இறுகிக்கொள்கின்றன. அவள் கையிலிருந்த கவளம் அப்படியே நின்றது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டங்குலக் குழாய் ஒன்று வீட்டுக்கு வந்தது. அடியில் திருகு, இரு முனையிலும் அகலத் தகடு, தகடுகளுக்குத் தலா நாலு ஆணி. கடைசல்காரர் சொன்ன நேரத்துக்குச் செய்துகொடுத்திருந்தார், அதுவே ஒரு அதிசயம். கட்டிலுக்குப் பக்கத்தில் தரைக்கும் கூரைக்கும் நடுவே நிறுத்தி, கணவன் பிடிக்க, அவள் இறுக்கினாள். தலை உயரத்தில் ஒரு பிடிப்பானில் விசிறியைப் பூட்டினாள்.

மாமனார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த ஏற்பாடு யாருக்கு? எனக்கா, ஃபேனுக்கா?"

"ஃபேனுக்குத்தான் மாமா. ரெண்டு தடவை விழுந்திருக்கே."

"ம்," என்றார்.

விசிறியைப் போட்ட கால்மணி நேரத்தில் மாடிவீட்டு அக்கா இறங்கி வந்தாள். "ஏம்மா, எங்க வீட்டுத் தரை முனகுது. காலை வச்சா கூசுது. கீழே என்ன மாவு மில் வச்சிருக்கீங்களா?"

குழாய் அதிர்வைக் கூரைக்குக் கடத்துகிறது. முனைகளில் ரப்பர் வைத்தால் சத்தம் நிற்கும், ஆனால் குழாயின் இறுக்கம் போய்விடும். அன்று முழுக்க யோசித்து, ரப்பரைக் குழாய்க்கும் விசிறிப் பிடிப்பானுக்கும் நடுவே வைத்தாள். குழாய் இறுக்கமாகவே இருந்தது, முனகல் நின்றது. அக்கா மேலேயிருந்து, "இப்ப சரி, தூங்கப் போறேன்," என்று குரல் கொடுத்தாள்.

ஒரு வாரம் போனது. தினமும் காலையில் குழாயைத் துணியால் துடைத்துவிட்டுப் போய், மாலையில் விளக்கொளியில் சாய்ந்து பார்ப்பாள். விரல் தடம் ஒன்றுகூட இல்லை. கட்டிலின் தலைமாட்டுச் சுவரில்தான் உள்ளங்கை அழுக்கு புதிதாகப் படிந்திருந்தது. சுவரில் கையை ஊன்றி எழுகிறார். வேர்த்த கை வழுக்கினால் பிடிக்க அங்கே எதுவும் இல்லை. முன்பாவது ஒரு விசிறி இருந்தது.

எங்கே தப்பு என்று அவளுக்குப் புரியவில்லை. தான் கண்டுபிடித்தது அவருக்குத் தெரிந்துவிட்டதா? வீம்பா? இரண்டு நாள் அதையே மனத்தில் உருட்டினாள். மூன்றாம் நாள் மாலை, பிடிப்பானின் திருகை இறுக்குகிற சாக்கில் அவர் எதிரே நின்றாள்.

"இந்த பைப் தடிமன்," என்றார் அவர், ஜன்னலைப் பார்த்தபடி.

"தடிமனா இருந்தா நல்லதுதானே மாமா. ஆடாது."

"ஃபேனுக்கு நல்லது."

அவள் திருகை விட்டுவிட்டு நின்றாள். அவர் வலது கையை நீட்டி, குழாயைப் பிடித்துக் காட்டினார். கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே நல்ல இடைவெளி இருந்தது.

"கை சுத்தி வரமாட்டேங்குது. பஸ்ல நின்னுக்கிட்டு வர்றவங்க பிடிக்கிற கம்பி ஒண்ணேகால் அங்குலம். கெழவியும் பிடிக்கலாம், குழந்தையும் பிடிக்கலாம். அதை யோசிக்காமலா வச்சிருப்பான்?"

அவள் பையிலிருந்து நோட்டை எடுத்தாள். "ஒண்ணேகால். வேற?"

"நாலு விரல் கட்டில் பக்கம் வரணும். இப்ப எட்டிப் பிடிக்கணும்னா முதுகு இழுக்குது."

"வேற?"

"வழவழன்னு இருக்கு. வேர்த்தா வழுக்கும்." உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "போன தடவை ஃபேன் விழுந்தது அப்படித்தான். கூடவே நானும் போயிருப்பேன். கட்டில் தாங்கிச்சு."

அவள் அதை எழுதவில்லை. மற்ற மூன்றையும் எழுதினாள்.

ஒண்ணேகால் அங்குலக் குழாய் அந்த நீளத்துக்கு நடுவில் வளையும் என்பதால் தடித்த சுவருள்ளதாகத் தேடி வாங்கினாள். இடுப்புயரத்துக்கு மேலே சுவரிலிருந்து ஒரு தாங்கி கொடுத்தாள். கை படுகிற இடத்தில் கடைசல்காரர் குறுக்கும் நெடுக்குமாகச் சொரசொரப்பு வரி இழுத்துக் கொடுத்தார். பூட்டி முடித்ததும் கொக்கித் தராசை மாட்டி இழுத்தாள். முதலில் எடுத்த அளவைப்போல இரண்டு மடங்குக்கும் குழாய் அசையவில்லை. பிறகு தானே தொங்கிப் பார்த்தாள். கணவனையும் தொங்கச் சொன்னாள்.

"என் எடையைப் பத்தி மாடிவீட்ல புகார் வந்தா நான் பொறுப்பில்லை," என்றான் அவன்.

மாமனார் கட்டில் விளிம்புக்கு நகர்ந்தார். இரண்டு காலையும் தரையில் வைத்தார். மகன் கைகொடுக்கப் போனான். அவள் அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். அவர் கை குழாயைச் சுற்றி வளைந்தது, விரல் முனைகள் கட்டைவிரலைத் தொட்டன. ஒரே மூச்சில் எழுந்தார். நின்றார். கையை விடாமல் இன்னொரு முறை உட்கார்ந்து இன்னொரு முறை எழுந்தார், பிரேக் பிடிக்கிறதா என்று பார்ப்பவர் மாதிரி.

"இதை வெளியே விக்கப் போறியாம்மா?"

"கேட்டுப் பார்க்கணும் மாமா. இந்தத் தடிமன்ல, இந்த உயரத்துல வரி போட்டு. கட்டிலிலேர்ந்து எழுந்திருக்க முடியாதவங்க எத்தனையோ பேர் இருப்பாங்க. அதைப் பெட்டி மேலேயே எழுதிடலாம்."

"எழுதாதே. ஃபேன்னு மட்டும் சொல்லி வித்துடு. மத்ததைக் கை கண்டுபிடிச்சுக்கும்."