தோழியின் படிவத்தில் நான் விட்ட வெற்று வரிகள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, உயர்தர வகுப்பின் கடைசி வருடத்தில், மானிப்பாயிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் நெரிபட்டு நின்றபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. முன் சீட்டில் இருந்த இரண்டு பெரியவர்கள் ஏதோ ஒரு கலியாணப் பேச்சைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தார்கள்.

"பெடியன் டொக்டர். வீடு வளவோட காரும் கேக்கினம்."

"தமையன்காரன்?"

"அவன் வாத்தி. அவனுக்கு உவ்வளவு வராது."

"கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்கவேணும் எண்டு அரசாங்க உத்தியோகத்தைத் தேடினது அந்தக் காலம். இப்ப மேய்க்கிறவன் டொக்டராயும் இருக்கவேணும்."

பஸ்ஸே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எந்தப் படிப்புக்கு என்ன மதிப்பு என்று இந்த ஊர் ஆண்கள் விரல்நுனியில் வைத்திருக்கிறார்கள், படிக்கப்போகிற எங்களுக்கு மட்டும் ஒன்றும் தெரியாதே என்று மனம் பரபரத்தது.

அன்றைக்கே ஒரு கொப்பி வாங்கினேன். எந்தப் படிப்பு, எத்தனை வருடம், முடித்தால் என்ன வேலை, தொடக்கச் சம்பளம் என்ன, சாம்பியா, நைஜீரியா என்று வெளிநாடு போக வழி உண்டா என்று கோடு கீறி நிரப்பத் தொடங்கினேன். பக்கத்து வீட்டு ஓவசியரைக் கேட்டேன். வங்கியில் வேலை செய்யும் மாமாவைக் கேட்டேன். லீவில் வந்த எஞ்சினியர் ஒருவரைக் கோயில் வீதியில் மறித்துக் கேட்டேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"ஆக்களின்ரை சம்பளத்தை நேர கேக்கிற பழக்கம் எங்கையடி பழகினனீ?"

ஆனால் பள்ளிக்கூடத்தில் அந்தக் கொப்பிக்கு நல்ல மதிப்பு. இடைவேளையில் என் மேசையைச் சுற்றிப் பிள்ளைகள் நிற்பார்கள். எனக்கும் தலை கொஞ்சம் வீங்கித்தான் போயிருந்தது.

என் பக்கத்தில் இருந்து படித்தவள் நீர்வேலிக்காரி. வாழைத்தோட்டக் குடும்பம். வீட்டில் உயர்தரம் வரைக்கும் வந்தவள் அவள் ஒருத்திதான். உயிரியலில் என்னைவிடக் கெட்டிக்காரி. தோட்டத்தில் ஒரு வரிசை வாழை மட்டும் ஏன் மஞ்சளாகிறது என்று இலையைக் கொண்டுவந்து ஆசிரியையிடம் காட்டுவாள். அவளுக்கு விவசாய விஞ்ஞானம் படிக்க ஆசை. என் கொப்பியிலோ அது கீழிருந்து இரண்டாவது.

"வாழைக்குலைக்கு ஸ்டெதஸ்கோப் வைக்கப்போறியோ?" என்று கேட்டேன்.

"வைச்சால் என்னடி? வாழை எண்டால் மருந்துக்குக் காசு குடுக்காமல் ஓடாது" என்றாள்.

அப்படிப் பகிடியாகச் சொன்னாலும், பல்கலைக்கழகத்தில், எங்கள் பேச்சில் கம்பஸில், இடம் கிடைப்பது அவளுக்கு எங்களைப்போல ஆசை மட்டுமல்ல. அவளுடைய தகப்பன் ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டார்: இடம் கிடைத்தால் படிக்கலாம், கிடைக்காவிட்டால் குருநாகலில் கடை வைத்திருக்கும் முறை மச்சானோடு கலியாணம்.

சோதனை மறுமொழி வந்தது. இரண்டு பேருக்கும் நல்ல புள்ளிகள். என்னைவிட அவளுக்குக் கொஞ்சம் கூட. ஆனால் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும் வெட்டுப்புள்ளி எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எங்கே போய் நிற்கும் என்று அந்த நாட்களில் யாராலும் சொல்ல முடியாது. பிறகு படிவம் வந்தது. விருப்பமான படிப்புகளை வரிசையாக எழுத அதில் ஐந்து வரிகள்.

கீழ் வரிகளில் வேறு படிப்புகளை எழுதினால், மருத்துவத்துக்குப் புள்ளி இருந்தாலும் கீழேயே தள்ளிவிடுவார்கள் என்று எங்கள் ஊரில் ஒரு கதை உலாவியது. யார் சொன்னது என்று ஒருவருக்கும் தெரியாது. நான் அதையும் கொப்பியில் எழுதிச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு வைத்திருந்தேன்.

அவளுடைய படிவத்தையும் நானே நிரப்பினேன். என் எழுத்து வடிவென்று அவள்தான் தந்தாள். முதல் வரியில் மருத்துவம், இரண்டாவதில் பல்வைத்தியம். அவள் மூன்றாவது வரியில் விரலை வைத்தாள்.

"இதில விவசாயத்தைப் போடடி."

"உனக்கென்ன விசரே? அதைக் கண்டால் உன்னைத் தூக்கி அதுக்குள்ளயே போட்டிடுவாங்கள். மிச்சத்தை வெறுமையாய் விடு."

"கிடைக்காட்டி?"

"உனக்குக் கிடைக்காமல் ஆருக்குக் கிடைக்கப்போகுது?"

விரலை எடுத்தாள். "நீ சொன்னால் சரியாத்தான் இருக்கும்" என்று கையெழுத்துப் போட்டாள். இரண்டையும் சேர்த்து நானே தபாலில் போடுவதாகச் சொல்லி வாங்கி வந்தேன்.

பின்னேரம், மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் கிளார்க்காக இருக்கும் அப்பா என் படிவத்தைக் கேட்டு வாங்கினார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தவர், "இதென்ன பிள்ளை, மூண்டு வரி சும்மா கிடக்கு?" என்றார். நான் பெரிய விளக்கம் சொன்னேன்.

"உன்ரை கொப்பியைப் பார்த்தே கொழும்பில இடம் குடுக்கிறாங்கள்? ஒவ்வொரு வரியாத்தான் பாப்பாங்கள். மேல கிடைக்காட்டித்தான் கீழ. வெறுமையாய் விட்டால் வெறுமையாய்த்தான் வரும். எல்லாத்தையும் நிரப்பு."

முணுமுணுத்துக்கொண்டு நிரப்பினேன். விவசாயம்கூட எழுதவில்லை. அந்தப் பகிடிக்குப் பிறகு அதை எழுத வெட்கம். ஐந்தாவது வரியில் விஞ்ஞானம் என்று எழுதி முடித்தேன்.

இந்த இடத்தைத்தான் இதுவரை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. அவளுடைய கடிதவுறை அப்போது என் புத்தகப் பையில்தான் இருந்தது. முடிவுத் தேதிக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. இரண்டு பஸ் மாறினால் நீர்வேலி. அதுகூட வேண்டாம். உறையைப் பிரித்து, அவள் விரல் வைத்த அந்த வரியில் ஒரு சொல் எழுதியிருக்கலாம். கையெழுத்து ஏற்கனவே இருந்தது, எழுத்தும் என்னுடையதுதான். ஒரு பேனை போதும்.

செய்யவில்லை. செய்தால் என் கொப்பி பிழை என்று அவளிடம் ஒருநாள் சொல்லவேண்டி வரும். அவளுக்குத்தான் நல்ல புள்ளி இருக்கிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, மறுநாள் காலை இரண்டு உறைகளையும் தபால் கந்தோர்ப் பெட்டிக்குள் போட்டேன்.

மருத்துவம் இரண்டு பேருக்கும் கிடைக்கவில்லை. பல்வைத்தியமும் இல்லை. எனக்கு ஐந்தாவது வரி கிடைத்தது. அவளுக்கு ஒன்றும் வரவில்லை. எங்கள் வகுப்பில் அவளைவிடக் குறைந்த புள்ளி எடுத்த ஒருத்தி விவசாயத்துக்குத் தெரிவாகி, இனிப்புக் கொண்டுவந்து கொடுத்தாள். என் கையில் வைத்ததைத் தின்ன முடியவில்லை.

நான் பெட்டி கட்டிக் கம்பஸுக்குப் புறப்படுவதற்கு முதல் கிழமை அவளுக்குக் கலியாணம் நடந்தது. கூறைச் சேலையோடு இருந்தவள் என்னைக் கண்டதும் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தாள்.

"நீ பாவம், எனக்காக எவ்வளவு கரைச்சல் பட்டாய். என்ரை புள்ளிதான் போதாமல் போச்சு. இன்னும் கொஞ்சம் விழுந்து விழுந்து படிச்சிருக்கவேணும்."

அப்போதாவது சொல்லியிருக்கவேண்டும். மேளச் சத்தம் காதை அடைத்தது, சுற்றிவர ஆட்கள் என்று சாக்குத் தேடிக்கொண்டேன். அவளுடைய மாலையைச் சரிசெய்துவிட்டு, பந்தியில் போய் இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு குருநாகலிலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்றில், கடைக்குப் பின்னால் கைப்பிடி அளவு நிலத்தில் இரண்டு வாழைக்கன்று வைத்ததாக எழுதியிருந்தாள். அந்த வரியை மட்டும் எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது. பதிலில் கம்பஸைப் பற்றி ஒன்றும் எழுத எனக்கு மனம் வரவில்லை. மழையைப் பற்றி எழுதினேன்.

இப்போது லீவில் வந்திருக்கிறேன். முதல் பிள்ளைப்பேற்றுக்கு அவளும் தாய்வீட்டுக்கு வந்திருக்கிறாளாம். பெண் குழந்தை. "வந்து பார்த்துவிட்டுப் போ" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். இன்னும் ஒரு தரம் சோதனை எடுக்க அவளுக்கு வாய்ப்பு இருக்கிறது. என் பாடக் குறிப்புகளையெல்லாம் கட்டி வைத்திருக்கிறேன். கைப்பிள்ளையோடு, கடையோடு அது நடக்குமா என்று தெரியவில்லை. கேட்க எனக்கு வாய் இருக்கிறதா என்பதும் தெரியவில்லை.

அதற்கு முன்னால் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. நாளைக்கு நீர்வேலிக்குப் போய், விவசாயத்துக்கு உன் புள்ளி போதுமாய் இருந்தது, அந்த வரியை வெறுமையாக விட்டவள் நான், நிரப்பலாம் என்று தெரிந்த பிறகும் அப்படியே அனுப்பியவளும் நான் என்று சொல்லப்போகிறேன். அவள் என் முகத்தில் விழிக்காமல் போகலாம். போகட்டும். இவ்வளவு காலமும் அவள் தன்னைத்தானே நொந்துகொண்டிருக்கிறாள், அந்தக் கோபம் வந்து சேரவேண்டிய இடம் நான்தான்.