குண்டு மிஷினை எழுப்பிய மூன்று நாள்

புதன்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பங்களாவில் சமைக்கும் அக்கா என்னைத் தேடித் தொழிற்சாலைக்கே வந்துவிட்டார். பெல்மதுளைக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் நான்தான் எலக்ட்ரீஷியன். தூளிலிருந்து நாரைப் பிரிக்கும் கலர் சோர்ட்டர் நின்றாலும் சரி, வெறும் மின்விசிறி நின்றாலும் சரி, என்னைத்தான் கூப்பிடுவார்கள். அக்கா மழையில் குடையில்லாமல் வந்திருந்தார்.

“தங்கச்சி, குண்டு மிஷின் செத்துப்போச்சு. சனிக்கிழமை காலையில லொறி வருதாம். பழைய இரும்புக்கு ஏத்திவிடச் சொல்லி நோனா போன் பண்ணிட்டாங்க.”

நோனா என்பது பங்களாவின் முதலாளியம்மா, கொழும்பில் இருப்பவர். பழைய துரை பங்களாவை வாங்கி, சுற்றுலா வருகிறவர்களுக்கு விடுகிறார். அவர்கள் விளையாடுவதற்காக வராந்தாவில் ஒரு பின்போல் மிஷினும் வைத்திருந்தார். கண்ணாடிக்குக் கீழே சரிவான பலகை, அதில் உருளும் இரும்புக் குண்டு, குண்டைத் திருப்பி அடிக்க இரண்டு குட்டிக் கைகள். எது எப்போது அடிக்க வேண்டும், எவ்வளவு புள்ளி என்பதையெல்லாம் தலைப்பெட்டியில் இருக்கும் சின்னக் கணினி பார்த்துக்கொள்ளும். அதிகப் புள்ளி எடுத்த நான்கு பேரையும் அதுதான் நினைவில் வைத்திருக்கும். அந்த நான்கு இடங்களிலும் ஒரே மூன்றெழுத்துப் பெயர். நான்கும் அக்காதான். கொழுந்து பறித்த கை அது. வெள்ளைக்காரர்கள் எத்தனையோ பேர் வந்து முட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அதைத் திறந்து பார்க்க எனக்கு நெடுநாள் ஆசை. வேலை முடிந்ததும் மீட்டரையும் சோல்டரிங் அயனையும் எடுத்துக்கொண்டு நேராகப் பங்களாவுக்குப் போனேன்.

தலைப்பெட்டியைத் திறந்ததுமே காரணம் தெரிந்தது. கணினிப் பலகையின் மேல் மூன்று பேட்டரிகள். கரண்ட் இல்லாதபோதும் புள்ளிகளை மறக்காமல் வைத்திருப்பவை அவைதான். மூன்றும் கசிந்து, பலகையில் பச்சையாகப் பூத்திருந்தது.

“அக்கா, வினாகிரி இருக்கா? பழைய பல் பிரஷ் ஒன்னும் வேணும்.”

“சம்பலுக்கு வச்சிருக்கேன். போதுமா பாரு.”

வினாகிரி பட்டதும் பச்சை நுரைத்துக் கிளம்பியது. அதற்கடியில் இரண்டு செம்புக்கோடுகள் அரித்துப்போய்ப் பாதியில் நின்றன. மயிரளவு கம்பி வைத்து இரண்டையும் இணைத்தேன். வியாழக்கிழமை அரைநாள் லீவு போட்டு, பெல்மதுளைக்கு பஸ் ஏறினேன். ரேடியோ திருத்தும் கடையில் கேட்டு வாங்கிவந்து, சிப்பைச் செருகும் துருப்பிடித்த இருக்கையையும் மாற்றினேன். புதிய பேட்டரிகளைப் பலகைக்கு மேலே வைக்கவில்லை. வயர் இழுத்துத் தனியாகத் தொங்கவிட்டேன். இனிக் கசிந்தாலும் கீழேதான் சொட்டும்.

வெள்ளிக்கிழமை மாலை சுவிட்சைப் போட்டேன். ஒரு விநாடி ஒன்றுமில்லை. பிறகு ‘டங்’ என்று மணி அடித்தது. பலகை முழுக்க விளக்குகள் ஓடின. அக்கா கைத் துவாயை வாயில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தார். பழைய புள்ளிகள் அழிந்துவிட்டதாக அதில் எழுத்து ஓடியது. நான் அதைத் தமிழில் சொன்னேன்.

“நாலுமா?”

“நாலும்தாங்கா.”

அவர் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டார். “சரி, போவட்டும். மறுபடி போட்டாப் போச்சு. குண்டை விடு.”

அவர் பொத்தானைத் தொட்டாரோ இல்லையோ, மிஷினின் இடது குட்டிக் கை மேலே எழுந்து அப்படியே நின்றது. உர்ரென்று ஒரு சத்தம், பிறகு கருகின வாடை. நான் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினேன். அந்தக் கையை இழுக்கும் கம்பிச்சுருளில், கொயிலில், புகை. கொயிலுக்குக் கரண்டை விட்டு நிறுத்தும் டிரான்சிஸ்டர் நிறுத்த மறந்துவிட்டது. ஷோர்ட். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. கலர் சோர்ட்டரிலும் இதே கோளாறு, இதே ஜாதி டிரான்சிஸ்டர். என் பையில் இரண்டு கிடந்தன.

கொயிலுக்குத்தான் வழியில்லை. கருகிய கம்பியைப் பிரித்துக்கொண்டே சுற்றுகளை எண்ணினோம். தொழிற்சாலையில் மோட்டார் சுற்றியதில் மிஞ்சிய கம்பி அதே தடிப்பில் இருந்தது. சனிக்கிழமை விடிந்ததும், கொயில் உருளையைக் கைத்துரப்பணத்தில் மாட்டி நான் சுற்ற, அக்கா கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டு எண்ணினார். எழுநூற்றைத் தாண்டியபோது அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டது.

“எழுநூத்திப் பன்னெண்டு. பால் போனாப் போவுது, நீ சுத்து. எழுநூத்திப் பதிமூனு.”

கொயிலைப் பூட்டிக் கடைசி ஆணியை முறுக்கும்போதே லொறி வந்துவிட்டது. சிங்களச் சாரதி கயிற்றோடு படியேறினார். “ஐந்து நிமிடம் பொறுங்கள், ஐயா” என்று அக்கா சிங்களத்தில் சொல்லிவிட்டுக் குண்டை விட்டார்.

அவர் விளையாடுவதை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை. கால்களை அகட்டி நின்று, குண்டு ஓரத்துக்கு நழுவும்போது இடுப்பால் ஒரே ஒரு தட்டு. மிஷின் கோபித்து அணைந்துவிடாத அளவுக்குத்தான். இடது கை ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் நான் குனிந்து மோந்து பார்த்தேன். வாடையே இல்லை. சாரதி கயிற்றைக் கீழே போட்டுவிட்டுக் கண்ணாடியோடு ஒட்டி நின்றார். “ஹரி, ஹரி” என்று சிங்களத்தில் சரி போட்டு, “அங்கே, அங்கே” என்று அவரும் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். மூன்றாவது குண்டில் பட்டியலின் முதலிடத்துக்கு அக்கா வந்துவிட்டார்.

நோனாவுக்கு போன் பண்ணியது சாரதிதான். “நோனா, இதை ஏற்ற முடியாது. இது ஓடுது,” என்று சிங்களத்தில் சொல்லி, போனை மிஷின் பக்கம் நீட்டினார். மணிச்சத்தத்தைக் கேட்ட நோனா, யார் திருத்தியது என்று மட்டும் கேட்டார். சாரதி போனை என்னிடம் கொடுத்தார்.

“மாவனல்லையில் என் தம்பி வீட்டில் இன்னும் ரெண்டு கிடக்கிறது,” என்றார் நோனா. “ரெண்டும் ஓடுவதில்லை. வந்து பார்ப்பீங்களா?”

“அதுல பேட்டரி எங்க இருக்குனு மொதல்ல பாக்கச் சொல்லுங்க நோனா. இப்பவே கழட்டச் சொல்லுங்க,” என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. எனக்குப் பின்னால் சாரதி, அடுத்த ஆட்டம் தனக்குத்தான் என்று அக்காவிடம் வாதாடிக்கொண்டிருந்தார்.