பரிமாறக் கூடாத முதலாளி

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரர் டிபன் கடை வைத்திருந்தார். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்தான். ஆனால் வயலில் இறங்கச் சொன்னால் முகம் சுளிப்பார். நாலு பேருக்குச் சாப்பாடு போடச் சொன்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுவார். எழுபதுகளின் கடைசியில் எதிர்ச்சாரியில் புது ஓட்டல்கள் வந்ததும் எங்கள் வியாபாரம் படுத்துவிட்டது. பெருநகர் என்கிற பக்கத்து ஊரில் நெல் மில் வைத்திருந்த அவருடைய அண்ணன் ஒருநாள் வந்தார். "தை பொறந்ததும் கடைய மூடிட்டு மில்லுக்கு வந்துடு. மூட்ட எண்றதுக்கு ஆளில்லாம பேஜாரா கீது" என்று சொல்லிவிட்டுப் போனார். மூட்டை எண்ணிக்கொண்டு மூலையில் உட்காருகிற மனுஷனா இவர்?

அந்த நேரத்தில்தான் சுற்றுலா ஆபீஸிலிருந்து ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். பட்டணத்திலிருந்து வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு வாரம் ஒரு பஸ் வரப்போகிறதாம். காஞ்சிபுரம் கோயில்கள், எங்கள் ஊர்க் கல்வெட்டு, சாயங்காலம் வேடந்தாங்கலில் பறவைகள் கூடு திரும்புகிற காட்சி. நடுவில் டிபனுக்கு நிற்க ஓர் இடம் வேண்டும். தேர்ந்தெடுக்கிற கடைக்கு மேஜை நாற்காலி வாங்க மானியம், தண்ணீர் ஃபில்டர், முதலாளிக்குப் பயிற்சி, வாசலில் மாட்ட ஒரு போர்டு, எல்லாம் அரசாங்கமே தரும். எங்கள் கிணற்றடியும் சமையற்கட்டும் பளிச்சென்று இருந்தது அவருக்குப் பிடித்துவிட்டது. அந்தப் பெருமை என்னுடையது, விட்டுக்கொடுக்க மாட்டேன்.

காஞ்சிபுரத்தில் நடந்த பயிற்சிக்குப் போய்வந்த இவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். காரத்தைப் பாதியாகக் குறை, தண்ணீரைக் கொதிக்க வை, டம்ளருக்குள் விரலை விடாதே என்று எனக்கு ஒரே உபதேசம். கை துடைக்கிற காகிதத்தைத் தாமரை போல மடிக்கக் கற்றுக்கொண்டு வந்து என்னையும் மடிக்கச் சொன்னார். என் கையில் அது பஜ்ஜி மடித்த காகிதமாகத்தான் வந்தது. "உனக்கு டிரெய்னிங் பத்தல" என்றார். அரைத்துக் கொட்டுகிறவளுக்கு டிரெய்னிங் பத்தலையாம்! ஆனால் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்ததால் சும்மா இருந்துவிட்டேன்.

வெள்ளோட்டமாக முதல் பஸ் வந்தது. அது நல்லபடி நடந்தால் சீசன் பூராவும் எங்கள் கடைதான். மேஜைமேல் தலைவாழை இலை. கேசரி, இட்லி, வடை, சட்னி. எல்லாரையும் உட்காரவைத்துவிட்டு அதிகாரி பட்டணத்துக்கு டிரங்க் கால் போட போஸ்டாபீசுக்குப் போனார். நான் உள்ளே இட்லிப் பானையோடு இருந்தேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் சாப்பிடுகிறவர் இலையை மடிக்கும்வரை பரிமாறுகிறவர் நிறுத்தமாட்டார். 'போதும்' என்று சொல்வது மரியாதைக்கு. அதைக் கேட்டு நிறுத்துகிறவன் கஞ்சன். இது யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. பயிற்சியிலும் இலையைப் பற்றிப் பேச்சே வரவில்லை. அந்த வெளிநாட்டுக்காரர்களோ இலையில் ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிட்டார்கள். காலி இலையைக் கண்டதும் இவர் துடித்துப்போய் இரண்டு இட்லி வைத்தார். அவர்கள் "நோ, நோ" என்று சிரித்துக்கொண்டே அதையும் தின்றார்கள். இவர் மறுபடி வைத்தார். உள்ளே ஓடிவந்து, "இன்னொரு ஈடு வைமே! பாவம், இன்னா பசி பசிக்கிது அவுங்களுக்கு!" என்றார். நானும் மாவு தீரும்வரை ஊற்றித் தள்ளினேன்.

அதிகாரி திரும்பி வந்தபோது ஒரு பெரியவர் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார். பருமனான ஓர் அம்மாள் பெஞ்சில் படுத்தேவிட்டாள். அவர்களைக் கிளப்பி பஸ் ஏற்றி அனுப்பியபோது பொழுது சாய்ந்துவிட்டது. வேடந்தாங்கலில் பறவை ஒன்றையும் பார்க்கவில்லை, இருட்டில் சத்தம் மட்டும் கேட்டார்களாம்.

மறுநாள் அதிகாரி வந்து பொரிந்து தள்ளினார். "அவங்க ஊர்ல மிச்சம் வெச்சா மரியாதை இல்லைங்க. நீங்க வைக்க வைக்க, வேற வழியில்லாம தின்னிருக்காங்க!"

இவர் தலையைக் குனிந்துகொண்டு, "காலி எலய பாத்துக்கினு எப்டி சார் சும்மா நிக்கிறது?" என்றார்.

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாப்பாட்டை யாரும் குறை சொல்லாததால் கடையை வைத்துக்கொள்ளச் சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை. பஸ் நிற்கும் நேரத்தில் முதலாளி பரிமாறக் கூடாது. அந்த அம்மா, அதாவது நான், அளவாக ஒரே தடவை வைக்கட்டும். மீறினால் பஸ் எதிர்க்கடைக்குப் போய்விடும். எனக்கும் சிரிப்புதான். இவர் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் இவர் கிணற்றடியில் நின்றார். நான் அளவாகப் பரிமாறினேன், பஸ் நேரத்துக்குக் கிளம்பியது. கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தபோது இவர் உள்ளே வந்தார். மேஜை நெடுக வழித்துத் துடைத்த இலைகள். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார்.

"பசியோட அனுப்சிட்டியே" என்றார்.

"அது அவுங்க வழக்கம். சார் சொன்னார்ல?"

"அவுங்களுக்கு வழக்கம்தான். எனக்கு மனசு கேக்கலியே." நாற்காலியில் உட்கார்ந்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. "இப்டி கடை நடத்தறதுக்கு மில்லுல மூட்டயே எண்ணலாம்."

அன்றைக்கு எனக்கும் சோறு இறங்கவில்லை.

அதற்கடுத்த வாரம் வடை கூடுதலாகப் போடச் சொன்னார். உள்ளூர்க்காரர்களுக்கு என்று நினைத்தேன். டிபன் முடிந்து எல்லாரும் பஸ்ஸில் ஏறிய பிறகு பார்த்தால், ஒரு கூடை நிறைய மந்தாரை இலைப் பொட்டலங்களோடு இவர் பஸ்ஸை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறார்! படியில் அதிகாரி நின்றிருந்தார். இருந்த ஒரு பிடிப்பும் போயிற்று, இனி பெருநகர் மில்தான் என்று முடிவே செய்துவிட்டேன்.

"என்னங்க இது?" என்றார் அதிகாரி.

"வழிக்கு, சார். பசிச்சப்போ துன்னட்டும். இப்பவே துன்னணும்னு இல்ல."

அதிகாரி கூடையைப் பார்த்தார், இவர் முகத்தைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு படியை விட்டு இறங்கி ஒதுங்கி நின்று, "சீக்கிரம் குடுத்துட்டு எறங்குங்க" என்றார். இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்குள் ஏறினார்.