வலது காலில் பருத்தி, இடது காலில் நைலான்

ஆண்டு 1979. கிழமை சனி. தேதி மட்டும் எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன், வயது பன்னிரண்டு. தம்பின் வட்டாரத் தொடக்கப்பள்ளிகளுக்கான குறுக்கோட்டப் போட்டியில் எங்கள் ரப்பர் தோட்டத்துப் பள்ளியிலிருந்து என் பெயரைக் கொடுத்திருந்தார்கள். முதல் பத்து இடங்களுக்குள் வருபவர்களைச் செரம்பானில் நடக்கும் மாநிலப் போட்டிக்கு அழைத்துப் போவார்கள். அதுவரை நான் செரம்பானைப் பார்த்ததில்லை. அங்கே போய் ஓட வேண்டும் என்பதைத் தவிர அந்த மாதம் முழுவதும் என் மனதில் வேறு எதுவும் இருக்கவில்லை.

அதற்குமுன் ஓடியதெல்லாம் வெறுங்காலில்தான். வட்டாரப் போட்டியில் வெள்ளைச் சப்பாத்தும் வெள்ளைக் காலுறையும் கட்டாயம் என்று ஆசிரியை சொல்லிவிட்டார். சப்பாத்தை அப்பா வாங்கித் தந்தார். காலுறையில்தான் சிக்கல் வந்தது.

புதன்கிழமை மாலை மாமா வந்தார். அம்மாவுக்கு மூத்தவர், தம்பினில் ஒரு துணிக்கடையில் வேலை. துணியைப் பற்றி அவர் சொன்னால் எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. அவர் கொண்டுவந்தது தடித்த பருத்திக் காலுறை, துண்டு போல மெத்தென்று இருந்தது. வெயிலில் ஓடும்போது பருத்திதான் வியர்வையை உறிஞ்சும், நைலான் சூட்டை உள்ளேயே பூட்டிவைத்துத் தோலை உரித்துவிடும் என்று விளக்கிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை சித்தப்பா வந்தார். அப்பாவின் தம்பி, கெமாஸில் ரயில்பாதை வேலை. ஞாயிறுதோறும் பந்து விளையாடுபவர். அவர் கொண்டுவந்தது மெல்லிய நைலான் காலுறை. துவைத்துக் கொடியில் போட்டிருந்த, மாமா தந்த காலுறையை விரலால் நசுக்கிப் பார்த்தார்.

"இதப் போட்டு வெயில்ல ஓடுனா அரை மைலுக்குள்ள நனைஞ்ச கோணி மாதிரி ஆயிரும் லா. யாரு வாங்குனது?"

யார் வாங்கியது என்று அவருக்குத் தெரியும். மாமாவும் சித்தப்பாவும் இரண்டு ஆண்டுகளாகப் பேசிக்கொள்வதில்லை. அக்காவின் சடங்கில் தாய்மாமன் தட்டுகள் வருவதற்கு முன்பே சித்தப்பா வீட்டுத் தட்டுகள் உள்ளே வந்துவிட்டன. வேண்டுமென்றே செய்ததல்ல. மாமா வந்த பஸ் தாமதம், அவ்வளவுதான். ஆனால் அன்று சாப்பிடாமல் எழுந்து போன மாமா, அதன்பின் சித்தப்பா இருக்கும் நேரத்தில் எங்கள் வீட்டுப் படியேறியதில்லை. நடுவில் அகப்பட்டுக்கொண்டவர் அம்மா.

எதைப் போடுவது என்று அப்பாவிடம் கேட்டதற்கு, பால்மரக் காட்டில் இத்தனை வருடம் காலுறையா போட்டு நடந்தேன் என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அம்மா இரண்டு ஜோடிகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நாளைக்கு ரெண்டு பேரும் வந்து நிப்பாங்க. நீ ஒன்னப் போட்டா இன்னொருத்தரு மூஞ்சிய நான்தானே பாக்கணும்?"

ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தேன். சப்பாத்துக்குள் கால் நுழையவில்லை. கடைசியில் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். வலது காலுக்கு மாமாவின் பருத்தி, இடது காலுக்குச் சித்தப்பாவின் நைலான். இரண்டும் வெள்ளை. கணுக்காலோடு மடித்துவிட்டால் தூரத்திலிருந்து வித்தியாசம் தெரியாது. கேட்பவர் யாராக இருந்தாலும் "உங்க ஸ்டோக்கின்தான் போட்டிருக்கேன்" என்று சொல்லலாம், அது பொய்யும் ஆகாது.

அக்கா சிரித்தாள். "ஒரு காலு மாமன் வீட்டுக்கு, ஒரு காலு சித்தப்பா வீட்டுக்கு. எந்த வீட்டுக்குடி மொதல்ல போய்ச் சேருவ?"

எட்டு மணிக்குத் தொடங்க வேண்டிய ஓட்டம், திறந்துவைக்க வேண்டிய அதிகாரி வந்து சேராததால், பத்தேகாலுக்குத்தான் தொடங்கியது. வெயில் அதற்குள் ஏறிவிட்டது. மாமா திடலின் ஒரு கோடியிலும் சித்தப்பா மறுகோடியிலும் நின்றார்கள். இருவரிடமும் தனித்தனியே போய், தயாரித்து வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன். இருவரும் மகிழ்ந்தார்கள்.

பாதித் தூரம் வரை நான் நான்காவதாக ஓடினேன். செம்மண் பாதை, பிறகு ஒரு கால்வாய். அதில் இறங்கி ஏறியபோது இரண்டு காலும் நனைந்தன. இடது கால் சிறிது நேரத்தில் பழையபடி இலேசாகிவிட்டது. வலது கால் ஆகவில்லை. ஏற்கெனவே வியர்வையில் ஊறியிருந்த பருத்தி, தண்ணீரும் சேர்ந்து கனத்து, குதிகாலுக்குக் கீழே சுருண்டுகொண்டது. ஒவ்வொரு அடிக்கும் அது தேய்த்தது. முதலில் எரிச்சல், பிறகு வலி. கடைசி நேர்ப்பாதையில் நொண்டிக்கொண்டுதான் வந்தேன். பதின்மூன்றாவது இடம்.

அம்மா புல்லில் உட்காரவைத்துச் சப்பாத்தைக் கழற்றினார். வலது குதிகாலில் இருபது காசு நாணயம் அளவுக்குக் கொப்புளம் உடைந்து தோல் தொங்கியது. இடது காலில் ஒன்றுமில்லை. நான் அழுதது வலியால் அல்ல. செரம்பான் போய்விட்டது.

அதற்குள் இரண்டு கோடிகளிலிருந்தும் இருவரும் வந்து சேர்ந்தார்கள். காலுறைகள் செம்மண் அப்பி, எது எது என்று தெரியாத இரண்டு உருண்டைகளாகப் புல்லில் கிடந்தன. சித்தப்பா அவற்றை எடுத்துக்கொண்டு நாலடி தள்ளியிருந்த தண்ணீர்க் குழாய்க்குப் போனார். இனி மறைக்க முடியாமல், நான் செய்த ஏற்பாட்டை அம்மா தாழ்ந்த குரலில் மாமாவிடம் சொன்னார். மாமா என் குதிகாலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் கறுத்துப் போயிருந்தது.

"நான் வாங்குனது எந்தக் காலும்மா?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் குழாயடியிலிருந்து சித்தப்பா பதில் சொன்னார்.

"வலது கால்ல இருந்தது என்னோடது மச்சான். நைலான் சூடு, தோல உரிச்சிருச்சு. நீங்க சொன்னதக் கேட்டிருக்கணும்."

சொல்லிக்கொண்டே இரண்டையும் அலசிப் பிழிந்து, ஈரத்தோடு தன் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

மாமா என் குதிகாலிலிருந்து கண்ணை எடுத்துச் சித்தப்பாவைப் பார்த்தார். பிறகு, "விடுங்க மாப்ள. இன்னிக்கு வெயிலு அப்படி லா," என்றார். இருவரும் சேர்ந்து பந்தலுக்குப் போய், எனக்கு இனிப்பான சிரப் தண்ணீர் வாங்கிக்கொண்டு சேர்ந்தே திரும்பி வந்தார்கள்.

எனக்குக் கோபம் பொங்கியது. அது உண்மையல்ல என்று சொல்ல எழுந்தபோது அம்மா என் முழங்காலை அழுத்தி உட்காரவைத்தார். புண்ணோடு நடக்கக் கூடாது என்பதற்காக என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவின் கண் ஏன் கலங்கியிருந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. நான் பதின்மூன்றாவதாக வந்ததற்குத்தான் அவரும் வருந்துகிறார் என்று வைத்துக்கொண்டேன்.

அன்று மாலை பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில், நடந்ததை வரிசை தவறாமல் எழுதினேன். நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. பத்தேகாலுக்குத் தொடக்கம், பதின்மூன்றாவது இடம், வலது பருத்தி, இடது நைலான், கொப்புளம் வலதில். அடியில், பென்சிலை அழுத்தி எழுதிய ஒரு வரி: "சித்தப்பாவுக்கு இடது வலது தெரியாது."